புழலிலிருந்து வீடு வரை

டீ வரட்டும் அக்கா, உட்காருங்கள். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது.

"வீட்டுக்காரரு உள்ள போயி பதினாறு வருஷம் ஆச்சு தம்பி. இந்த வருஷம் விட்டுடுவாங்கன்னு மனுவுல சொல்றாரு. விட்டா நேரா வீட்டுக்கு வரப்போறாரு. அதுக்கு நாம என்ன பண்ணி வைக்கணும்?" என்று கேட்டீர்கள். புழல் சிறையில் மனு பார்த்துவிட்டு, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்தித்துவிட்டு, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பஸ் ஏறுகிற எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது. வக்கீலிடம் கேட்டால் எப்போது வெளியே வருவார் என்பதற்குப் பதில் சொல்வார். வந்தபிறகு என்ன என்பது அவர் வேலை அல்ல. அதனால் அந்தப் பாதி யாருடைய வேலையும் ஆகாமல் கிடக்கிறது.

முதலில் அந்தத் தேதி விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். அவருக்கு ஆயுள் தண்டனை. ஆயுள் என்றால் 14 வருடம் என்று நம் பக்கத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முடியும்வரைதான். அரசு பார்த்துக் குறைத்தால்தான் விடுதலை. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 வருடம் முடிவதற்குள் விடக்கூடாது என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 475ஆவது பிரிவு. ஆக, 14 என்பது அதற்குமுன் திறக்கக்கூடாத கதவு. 14 ஆனதும் தானாகத் திறந்துவிடாது. ஆளுநர் வழியாக, அரசமைப்புச் சட்டத்தின் 161ஆவது பிரிவில் செய்தால் அந்தத் தடையும் கிடையாது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018இல் 10 வருடம் முடித்த ஆயுள் கைதிகள் பலர் வெளியே வந்தது அந்த வழியில்தான். 2021 செப்டம்பரில், அண்ணா பிறந்தநாளையொட்டி 700 பேரை முன்கூட்டியே விடுவிக்கப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். எல்லா வழக்குக்கும் இவை பொருந்தாது. எந்தெந்தக் குற்றம் சேராது என்று அரசாணையிலேயே இருக்கும்.

உங்களுக்கு உதவுகிற ஒரு தீர்ப்பும் இருக்கிறது. தண்டனைக் குறைப்புக்கு அரசிடம் ஒரு கொள்கை இருந்தால், தகுதி வந்த கைதி மனுக் கொடுக்காவிட்டாலும் அரசே அவரைப் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரி 18 அன்று சொன்னது. நம்மால் வக்கீல் வைக்க முடியவில்லையே என்று நீங்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருக்க வேண்டியதில்லை. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

இதில் கஷ்டம் எங்கே என்றால், ஏழு வருடம் பத்து வருடம் என்று எண்ணிக்கொடுத்த தண்டனைக்காரருக்குத் தேதி தெரியும். ஆயுள் கைதிக்குத் தெரியாது. ஒரு நாள் ஆர்டர் வரும், மறுநாள் வாசலில் நிற்பார். தேதி தெரிந்தபிறகு தயாராகலாம் என்று நினைத்தால் தயாராகவே முடியாது. தெரியாத தேதிக்கு இன்றைக்கே தயாராவதுதான் ஒரே வழி.

அதற்கான இடத்தைச் சட்டமே வைத்திருக்கிறது. தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் என்று 1982இல் வந்தவை. நாம் பரோல் என்று சொல்கிற லீவு இந்த விதிகளில்தான் வருகிறது. அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு வகை. சாவு, கடும் நோய், கல்யாணம் போன்றவற்றுக்கு அவசர விடுப்பு. சாதாரண விடுப்பு உள்ளே மூன்று வருடம் கழித்தபிறகு கேட்கக்கூடியது. அது எதற்கெல்லாம் தரலாம் என்று 20ஆவது விதி வரிசையாகச் சொல்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க, வீடு கட்ட, வீட்டைச் செப்பனிட, கல்யாணம் நடத்த, பாகப்பிரிவினைத் தகராறு தீர்க்க, விதைக்க, அறுக்க. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், முதலாவதாக அங்கே இருப்பது: குடும்பத்தின் பிழைப்புக்கும் விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கைக்கும் ஏற்பாடு செய்துகொள்ள.

இதை நாம் யாரும் கேட்பதே இல்லை. "அவரு கடைசியா எப்ப வந்தாரு அக்கா?" என்று கேட்டபோது, "மாமியார் செத்தப்ப. போலீஸ்காரங்களோட வந்தாரு, கொள்ளி வச்சாரு, சாயங்காலத்துக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றீர்கள். பெரும்பாலான வீடுகளில் அதுதான் நிலைமை. அழுவதற்கு லீவு கேட்கிறோம், வாழ்வதற்குக் கேட்பதில்லை. விதியில் முதலாவதாக இருக்கிற அந்தக் காரணத்தைச் சொல்லி, என்ன ஏற்பாடு செய்யப்போகிறார் என்று விவரமாக எழுதி, சாதாரண விடுப்பு கேளுங்கள். கிடைக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. போலீஸ் அறிக்கையும் நன்னடத்தை அலுவலர் அறிக்கையும் சாதகமாக வரவேண்டும். மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் உள்ளே இருந்த நளினி 2019 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் தானே நின்று வாதாடி, மகளின் கல்யாண ஏற்பாட்டுக்காக ஒரு மாத விடுப்பு வாங்கினார். பிறகு நீட்டிப்பும் கிடைத்து 51 நாள் வேலூரில் ஒரு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினார். அதற்குமுன் 28 வருடம் உள்ளே.

நளினி பேரைச் சொன்னதும் உங்கள் முகம் மாறுகிறது. அது பெரிய இடத்து வழக்கு, நமக்கென்ன என்கிறீர்கள். பெரிய வழக்குதான். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு இறந்துபோனவர்களில் பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்களும் உண்டு. அந்த வீடுகளின் இழப்பு இன்றும் இழப்புதான். ஆனால் நீண்ட சிறைவாசத்துக்குப் பிறகு என்ன என்பதைப் பார்க்க, நம் பகுதியிலேயே தீர்ப்பான அந்த வழக்கைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்றது. மறு வருடம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது, மூன்று பேருக்கு ஆயுளாக்கியது, நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது.

அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாளே குறித்துவிட்டார்கள். சில நாள் முன்னால்தான் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அடுத்த வருடம், மரண தண்டனைக் கைதியாகவே வேலூர் சிறையில் பிளஸ் டூ எழுதி 1200க்கு 1096 வாங்கினார். கணினிப் பட்டமும் அங்கிருந்தபடியே தொலைநிலையில் படித்தார். தூக்குக்கு நாள் குறிக்கப்பட்ட ஆள் பரீட்சைக்குப் படித்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது, அமைச்சரவையின் பரிந்துரை இரண்டரை வருடம் ஆளுநரிடம் கிடந்ததைச் சொன்னது. கூடவே உள்ளே அவர் நடந்துகொண்ட விதம், உடல்நிலை, அங்கே படித்த படிப்பு என்று ஒவ்வொன்றையும் எண்ணிச் சொன்னது. அந்த நவம்பரில் மற்ற ஆறு பேர் விடுதலையான போதும் நடத்தையும் படிப்பும் பேசப்பட்டன. உள்ளே செய்கிற தயாரிப்பு வெளியே வந்தபின் மட்டும் உதவுவதில்லை. வெளியே வருவதற்கே அது சாட்சி ஆகிறது.

உங்கள் வீட்டுக்காரர் எட்டாவதோடு நின்றவர் என்றீர்கள். உள்ளேயே பத்தாவது எழுதலாம், திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்பும் உண்டு. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்று ஓர் அரங்கே போட்டுச் சிறை நூலகங்களுக்குப் புத்தகம் திரட்டியது. ஐம்பது வயதில் பத்தாவது எதற்கு என்று கேட்காதீர்கள். சர்டிபிகேட்டில் அவர் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். அதுவே ஒரு காகிதம்.

காகிதம் என்றதும் அந்த வழக்கில் எனக்கு மிகவும் வலித்த இடம் நினைவுக்கு வருகிறது. அந்த ஆறு பேரில் ஒருவரான சாந்தன் 2022 நவம்பரில் விடுதலையானார். ஆனால் இலங்கைக் குடிமகன், கையில் பாஸ்போர்ட் இல்லை. திருச்சி சிறப்பு முகாமில் வைத்தார்கள். பயண ஆவணம் வந்து, வெளியேறும் அனுமதியும் வந்தபோது 15 மாதம் ஓடியிருந்தது. உடம்பு முற்றிலும் கெட்டுவிட்டது. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்துபோனார். யாழ்ப்பாணத்தில் அம்மா காத்திருந்தார். விடுதலை கிடைத்தும் வீடு போகாமல் ஒரு மனிதரைக் காகிதம் நிறுத்திவைக்க முடியும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு எல்லை தாண்ட வேண்டியதில்லை, அம்பத்தூர் ஓ.டி. தாண்டினால் போதும். ஆனால் காகிதத்தில் அவர் யார்? அவர் உள்ளே போனபோது நாட்டில் ஒருவருக்கும் ஆதார் இல்லை. முதல் ஆதார் 2010இல்தான் கொடுத்தார்கள். அப்போது அம்பத்தூர் தனி நகராட்சி. 2011இல் அது சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து ஏழாவது மண்டலமாகிவிட்டது. ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது. அவருடைய பழைய முகவரிச் சான்றில் இருக்கிற அலுவலகங்களே இன்று அந்தப் பெயரில் இல்லை. ரேஷன் கார்டு ஸ்மார்ட் கார்டானபோது அவர் பெயரைச் சேர்த்தீர்களா? "இல்ல தம்பி, ஆளு இல்லன்னு எடுத்துட்டாங்க." வாக்காளர் பட்டியலிலும் இருக்காது.

அதனால் ஆதாரில் தொடங்குங்கள். சிறை அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் போட்ட சிறைச் சேர்க்கை ஆவணத்தையே சான்றாக வைத்து, உள்ளே இருப்பவர்களுக்கு ஆதார் பதியலாம் என்று ஆதார் ஆணையம் ஒத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த மனுவில் முதல் பேச்சு இதுவாக இருக்கட்டும். எடுத்தாயிற்றா, என்ன முகவரி கொடுத்தார், எந்த போன் நம்பர் கொடுத்தார் என்று கேளுங்கள். முகவரி மாறினால் பிறகு ரேஷன், பேங்க், காப்பீடு எல்லாவற்றிலும் அலைச்சல். வெளியே வந்த அன்று விடுதலைச் சான்றை வாங்கி, அந்த வாரமே நாலு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை உங்கள் பீரோவில் வையுங்கள். உள்ளே அவருக்குப் பார்த்த வைத்தியத்தின் விவரங்களையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் என்ன மாத்திரை ஓடுகிறது என்று தெரியாமல் வந்து, பத்து நாள் மாத்திரை விட்டுப்போனால் அதுவே ஆபத்து.

ஓட்டுரிமை போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். போகவில்லை. சிறையில் இருக்கும்வரைதான் ஓட்டுப் போட முடியாது. வெளியே வந்ததும் 6ஆம் எண் படிவம் கொடுத்துச் சேரலாம். தேர்தலில் நிற்பதற்குத்தான் விடுதலைக்குப் பிறகு ஆறு வருடத் தடை. பாஸ்போர்ட்டில் சிக்கல் உண்டு, ஆனால் துபாய் போகிற எண்ணம் இப்போது வேண்டாமே.

இனி பணம். உள்ளே வேலைக்குக் கூலி உண்டு. பராமரிப்புக்கு ஒரு பங்கும், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கு ஒரு பங்கும் பிடித்ததுபோக மீதி அவர் கணக்கில் சேரும். கேன்டீனில் எல்லாவற்றையும் கரைக்காமல் மாதம் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே வந்து பஸ்ஸுக்குக்கூட உங்களிடம் கைநீட்டுகிற நிலைமை ஓர் ஆணை எப்படிக் கோபக்காரனாக்கும் என்று உங்களுக்கே தெரியும். கைத்தொழில் என்ன கற்றார்? தையல், பேக்கரி, நெசவு என்று உள்ளே பல பட்டறைகள் ஓடுகின்றன. சிறைத்துறை 'ஃப்ரீடம்' என்ற பெயரில் அந்தப் பொருள்களை விற்கிறது. பெட்ரோல் பங்குகளும் நடத்துகிறது. அம்பத்தூர் புழல் சாலையில் 2023 ஆகஸ்டில் திறந்த பங்கில் சீருடை போட்டு நின்று பெட்ரோல் அடிப்பவர்கள் தண்டனைப் பெண்கள்தான். மனுவுக்குப் போகும்போது ஒருநாள் அங்கே நின்று பாருங்கள். வண்டிக்காரர் மீட்டரில் பூஜ்யத்தைப் பார்க்கிறார், அந்தப் பெண் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கிறார், அடுத்த வண்டி நகர்கிறது. முகம் தெரியாத ஆளோடு கணக்குப் பேசுவது, அவசரப்படுகிறவரிடம் பொறுமையாக இருப்பது. பல வருடம் நாலு சுவருக்குள் இருந்தவருக்கு இதைவிட நல்ல பயிற்சி என்ன இருக்க முடியும்? உங்கள் வீட்டுக்காரருக்கு ஆண்கள் வேலை பார்க்கும் பங்கில் இடம் கிடைக்குமா என்று அவரையே அதிகாரியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

வெளியே வேலை விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரிய கம்பெனிக்குள் போக போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்பார்கள். அங்கே முட்டி மோதி, மூன்று இடத்தில் இல்லை என்று வாங்கி, மனசு உடைய வேண்டாம். லேத் பட்டறை, தையல் ஜாப் ஒர்க், பேக்கரி போன்ற சின்ன இடங்களில் ஆளைத் தெரிந்துதான் ஆள் எடுக்கிறார்கள். அந்த ஆளைத் தெரிய வேண்டியது இப்போதே. நீங்கள் வேலை செய்கிற எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் காஜா பட்டன் போட்டுக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றனவே, அவர்களிடம் பேச்சைப் போட்டு வையுங்கள். விஷயத்தை மறைத்துக் கேட்காதீர்கள். தெருவில் எப்படியும் தெரிந்துவிடும். தெரிந்தே கொடுத்த வேலைதான் நிற்கும். சொந்தமாகச் சின்னத் தொழில் தொடங்குவதானால் சிறை மீண்டோர் ஆதரவு சங்கம் உதவித்தொகை தருகிறது. அதற்கும் நன்னடத்தை அலுவலர் வழியாகப் போகலாம். அந்த அலுவலரின் பெயரையும் அலுவலகத்தையும் இன்றே தெரிந்துகொள்ளுங்கள். முன்விடுதலைக்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு வந்து, குடும்பம் இவரை ஏற்குமா, எங்கே தங்குவார், என்ன பிழைப்பு என்று கேட்டு எழுதப்போகிறவர் அவர்தான். "வந்தா பாத்துக்கலாம் சார்" என்று நீங்கள் சொன்னால் அதைத்தான் எழுதுவார். தையல் மிஷின் எங்கே போடப்போகிறோம் என்று காட்டினால் அதையும் எழுதுவார்.

இனி வீட்டு வாசலுக்குப் போவோம். இதுதான் கஷ்டமான பகுதி, நான் மெதுவாகச் சொல்கிறேன்.

பதினாறு வருடம் சாயங்காலமானால் லாக்கப். எழுவதும் சாப்பிடுவதும் மணிப்படி. கதவை அவர் கையால் திறந்ததில்லை. ராத்திரி விளக்கு அணைந்ததில்லை. தனியாகத் தூங்கியதும் இல்லை. அப்படிப்பட்டவரைக் கூட்டிவந்து, இருட்டான ஓர் அறையில் படுக்கவைத்து, காலையில் "தோசையா இட்லியா?" என்று கேட்டால் திகைத்துப்போவார். பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் உங்கள்மேல் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். தேர்ந்தெடுப்பது என்ற பழக்கமே விட்டுப்போயிருக்கும். லீவு கிடைத்தால் இதைத்தான் பழக்க வேண்டும். சொந்தக்காரர் வீடு வீடாக விருந்துக்கு அழைத்துப்போய் அந்த நாள்களை முடித்துவிடாதீர்கள். காலையில் பால் வாங்க அவரைத் தனியாக அனுப்புங்கள். கடையில் யாரும் காசு கொடுக்காமல் போனைக் காட்டுவார்கள், பெட்டி ஒன்று "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று பேசும். அவர் தெரிந்துவைத்திருந்த 500, 1000 நோட்டு 2016 நவம்பரில் செல்லாமல் போயிற்று. பிறகு வந்த 2000 நோட்டு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு நோட்டு பிறந்து முடிந்துபோனது முழுவதையும் அவர் உள்ளேயே கழித்திருக்கிறார். ஊருக்குப் பஸ் என்றால் கோயம்பேடு என்பார். தெற்கே போகிற பஸ்களில் பெரும்பாலானவை கிளாம்பாக்கம் போய்விட்டன. பூந்தமல்லி ரோட்டில் நடுவே மெட்ரோ தூண்கள். சி.டி.எச். ரோட்டை ஓ.டி. பக்கத்தில் குறுக்கே கடக்க முதல்நாள் அவருக்குக் கை நடுங்கும். கூட நில்லுங்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

இன்னொன்று. இந்தப் பதினாறு வருடமாக வீட்டுத்தலைவி நீங்கள். வாடகை, சீட்டு, பெண்ணின் காலேஜ் ஃபீஸ், எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்து. அவர் மனதில் நீங்கள் இன்னும் முப்பது வயது, பெண்ணுக்கு ஐந்து வயது. வந்த வாரமே ஏ.டி.எம். கார்டையும் பத்திரத்தையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதே நேரம் விருந்தாளியைப் போல ஒரு மூலையில் உட்காரவைத்தும் விடாதீர்கள். ரேஷன் வாங்குவது, கரண்ட் பில் கட்டுவது என்று முழுசாக அவர் பொறுப்பில் ஒன்றிரண்டு வேலைகளை விடுங்கள். இதை வந்தபிறகு பேசினால் சண்டையாகும். மனுவிலும் போனிலும் இப்போதே சொல்லிவைத்தால் அவரும் பழகிக்கொள்வார். பெண்ணிடமும் பேசுங்கள். அவள் அப்பா பற்றித் தோழிகளிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று கேட்காமல், அவளுக்கு என்ன பயம் என்று கேளுங்கள். ராத்திரித் தூக்கமில்லாமல், யாரோடும் பேசாமல் வாரக்கணக்கில் போனால் 14416க்குப் போன் பண்ணுங்கள். மனநல உதவி, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

நீங்கள் சொல்லத் தயங்கிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவருடைய வழக்கில் இறந்துபோனவரின் குடும்பம் உங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி இருக்கிறது. அப்படியானால் இப்போது நீங்கள் இருக்கிற வீட்டுக்கு அவரைக் கூட்டிவராதீர்கள் அக்கா. அந்தக் குடும்பத்துக்கு அவரைத் தினமும் பார்க்கவேண்டிய தண்டனையை நாம் கொடுக்கக்கூடாது. அங்கே ஆபத்து என்று போலீஸ் எழுதினால் லீவும் கிடைக்காது. ஆவடிப் பக்கம் உங்கள் தங்கை வீட்டு மாடி காலியாக இருக்கிறது என்றீர்களே, அதை இப்போதே பேசி முடியுங்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று அவர் தானாகக் கிளம்பக்கூடாது. அவர்கள் விரும்பினால், பெரியவர் ஒருவர் மூலமாக, அவர்கள் சொல்கிற நேரத்தில்.

முன்விடுதலை ஆர்டர் வந்தால் அதில் நிபந்தனைகள் இருக்கும். அவற்றுக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்துப் போட்டுத்தான் வெளியே வருவார். மீறினால் அரசு அந்த ஆர்டரை ரத்து செய்து மீதித் தண்டனைக்குத் திரும்ப அனுப்ப முடியும். ஆர்டரை வக்கீல் பையில் விட்டுவிடாமல் நீங்களும் பெண்ணும் வரிவரியாகப் படியுங்கள். ஆவடியில் ஒரு வருடம் இருந்துவிட்டு வாடகை கட்டுப்படியாகவில்லை என்று பட்டாபிராமுக்கோ திருநின்றவூருக்கோ வீடு மாறினால்கூட, சாமான் ஏற்றுவதற்கு முன்னால் நன்னடத்தை அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிவிடுங்கள்.